துரியோதனனுக்கு அழ ஆள் வேண்டும்

ஈப்போவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் செத்துப்போவார். பதற வேண்டாம், விளையாட்டில்தான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, "நான் அந்தக் கதவைத் திறக்கிறேன்" என்று சொல்லி இருபது முகமுள்ள பகடையை உருட்டுவார்கள். எண் பெரிதாக விழுந்தால் பிழைத்தார்கள். சின்னதாக விழுந்தால் கதவுக்குப் பின்னால் இருப்பது கடிக்கும். பகல் முழுக்கப் பல் கிளினிக் வரவேற்பில் உட்கார்ந்து, வலிக்குமா என்று கேட்பவர்களிடமெல்லாம் வலிக்காது என்று பொய் சொல்லும் எனக்கு இது பெரிய ஆறுதல்.

இந்த மேசைக்குக் கணினித் திரை வழியாக ஐந்து வருடமாக வந்து உட்காருபவன் கோபி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். நேரில் பார்த்ததில்லை, ஆனால் எட்டு முறை ஒன்றாகச் செத்திருக்கிறோம். நாங்கள் இருவரும் சேர்ந்து இரண்டு வருடமாக ஒரு விளையாட்டுப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தோம். அந்நியர்கள் நாலு பேர் வழி தவறி ஒரு கிராமத்துக்குள் வருவார்கள். அங்கே திருவிழா. ஊரே புன்னகைக்கும், ஒருவரும் பேச மாட்டார்கள். கையில் ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். கட்டிய பிறகு ஊரைவிட்டுப் போக முடியாது.

வெள்ளைக்காரர்கள் இந்த மாதிரிக் கதைகளைக் கோதுமை வயலிலும் பனிமலையிலும் வைத்து நிறைய எழுதித் தள்ளிவிட்டார்கள். நம் திரௌபதி அம்மன் திருவிழாவை யாரும் தொடவில்லையே என்று எங்களுக்கு ஒரே துள்ளல். கோபியின் மாமனார் ஊரில், அண்ணாகிராமம் பக்கம், அது வருடா வருடம் நடக்கிறது. தென்னை மர நீளத்துக்குத் துரியோதனனை மண்ணில் படுக்கவைத்து, பீமன் வந்து தொடையைப் பிளந்து, சாயங்காலம் தீ மிதிப்பார்கள். இதைவிட இருட்டாக என்ன வேண்டும்? கடைசி அத்தியாயத்தை அந்த ஊரிலேயே உட்கார்ந்து எழுதலாம், வாங்கக்கா என்றான். கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடலூர் பேருந்து நிலையத்தில் அவனைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது. திரையில் பாதி உடம்பு மட்டும் பார்த்துப் பழகியவன், முழுசாக எழுந்து நின்றால் ஆறடி. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நேராக ஓட்டலுக்குக் கூட்டிப் போனான். எங்கள் ஊரில் ஒரு ரொட்டி சனாய்க்கு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டால் கடைக்காரர் நம் முகத்தை ஒரு முறை பார்ப்பார். இங்கே நாலு இட்லிக்கு மூன்று சட்னி, சாம்பார், மேலே வடகறி, எதையும் கேட்கவே இல்லை. நான் இலையை வழித்துக்கொண்டிருந்தேன். கோபி பூரியைக் கிள்ளிக் கிள்ளி வைத்துக்கொண்டிருந்தான்.

என்னடா என்றேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நம் புத்தகத்தின் மாதிரி அட்டையை ஆசையாக வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறான். சிவப்புக் கண்களோடு எழுந்து உட்காரும் மண் துரியோதனன், பின்னால் கோயில், மேலே 'இந்த ஊர் உன்னைத் தின்னும்' என்று கொட்டை எழுத்து. அவன் மாமனார் ராஜவேலு பண்ருட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். கடையில் வேலை இல்லாத நேரத்தில் சொந்தக்காரர் எல்லாருடைய ஸ்டேட்டஸையும் ஒன்றுவிடாமல் பார்ப்பவர். போதாக்குறைக்கு அந்தக் கோயிலின் தர்மகர்த்தாவும் அவர்தான்.

"அம்மன பேயின்னு வித்துட்டு, அம்மன் முன்னாடி எப்புடிடா நிப்ப? உனக்குக் காப்பு கெடையாது" என்று போனிலேயே தீர்ப்பு.

காப்பு என்பது தீ மிதிக்க வேண்டிக்கொண்டவர்கள் மூன்று நாள் முன்பு கையில் கட்டிக்கொள்ளும் கயிறு. அது இல்லாமல் குழியில் கால் வைக்க விடமாட்டார்கள். கோபிக்கு இந்த வருடம் அது சும்மா ஆசை இல்லை. அவன் மனைவி அனிதாவுக்குப் பிரசவம் சிக்கலாகி, தாயா பிள்ளையா என்ற நிலையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டது. இரண்டு உயிரும் பிழைத்தன. குழந்தைக்கு இப்போது எட்டு மாதம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காப்பு, வெள்ளிக்கிழமை தீமிதி. வேண்டுதல் தவறிப்போனால் அந்தக் குழந்தையின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் பூரித் தட்டைத் தள்ளிவைத்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு வருடம் பொத்திப் பொத்தி எழுதியதை ஸ்டேட்டஸில் போடுவாயா, உனக்கு மூளை இருக்கா என்று ஓட்டலென்றும் பாராமல் திட்டினேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து, தம்பி பாவம் விடுங்கம்மா, எந்த ஊரு நீங்க என்று கேட்டார். மலேசியா என்றதும் அவர் தன் சித்தப்பா மகன் கிள்ளானில் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது காபி வந்தது. கோபம் போய்விட்டது.

திங்கட்கிழமையே மாமாவைப் பார்த்துப் பேசிவிடலாம் என்றேன். செவ்வாய்க்கிழமை பார்த்துக்கலாம், முதலில் சிதம்பரம் பாருங்கக்கா என்று அந்தப் பயந்தாங்கொள்ளி என்னைப் பேருந்தில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டான். எனக்கும் உள்ளூர ஆசைதான். தில்லைக் காளியைப் பார்த்தால் புத்தகத்துக்கு நாலு பயங்கரமான பக்கம் கிடைக்கும் என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். உடம்பெல்லாம் குங்குமம் அப்பிய காளிக்கு முன்னால் நின்றபோது மயிர்க்கூச்செறிந்தது உண்மை. ஆனால் அடுத்த நிமிடமே எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் தன் குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, எத்தனை பிள்ளைங்க உனக்கு என்று விசாரிக்கத் தொடங்கினாள். நோட்டில் ஒரு வரியும் ஏறவில்லை. வெளியே வந்து இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். கொத்சைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன்.

பிச்சாவரத்தில் படகு சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் மறைந்து, வேர்கள் இரண்டு பக்கமும் விரல் விரலாகத் தண்ணீரில் இறங்கின. இது போதும், இதுதான் எனக்கு வேண்டியது என்று துடுப்புப் போட்டவரிடம் இங்கே பேய் பிசாசு ஏதாவது உண்டா என்று ஆவலாகக் கேட்டேன். "பேயா? கொசுதாம்மா ஜாஸ்தி" என்றார்.

திரும்பும்போது நாங்கள் வந்த பேருந்து ஆலப்பாக்கம் தாண்டி முனகிவிட்டு நின்றது. எங்கள் ஊராக இருந்தால் ஆளுக்கொரு பக்கம் போனைத் தட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருப்போம். இங்கே மொத்தப் பேருந்தும் இறங்கி, ரோட்டோரம் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தவரைச் சூழ்ந்துகொண்டது. அரை மணி நேரத்தில் யார் எந்த ஊர், யார் வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. என் சொந்த ஊர்க்கதை என்னைவிட நன்றாக அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் எழுதிய ஊமை ஊர் இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறதென்று கோபியைக் கேட்டேன். நுங்கை உறிஞ்சுவதில் மும்முரமாக இருப்பவன் போல் பாவனை செய்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஊருக்குப் போனோம். முந்திரித் தோப்புக்கு நடுவே சாலை, அதன் முடிவில் கொடி ஏறிய கோயில், அடுத்த தெருவில் மாமா வீடு. அனிதா குழந்தையோடு முன்னாலேயே அங்கே வந்திருந்தாள். மாமா என்னைப் பார்த்து, வாம்மா, சாப்டியா என்றார். கோபி என்ற ஆறடி மனிதன் அங்கே நிற்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. அவர் மனைவி செல்வி அத்தை சத்துணவு மையத்தில் வேலை பார்ப்பவர். நூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கிற குரல். கூடத்தில் சாக்கை விரித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, ஆள் உயரப் பலாப்பழம் ஒன்றைப் பிளக்க உட்கார்ந்திருந்தார்.

கோபி வாயைத் திறப்பான் என்று பத்து நிமிடம் பார்த்தேன். திறக்கவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. "மாமா, அட்டையப் பாத்து முடிவு பண்ணாதீங்க. ஒரு தடவ விளையாடிப் பாருங்க. அதுக்கப்புறமும் தப்புன்னு சொன்னீங்கன்னா, எழுதுனது மொத்தத்தையும் இங்கயே கிழிச்சுப் போட்டுடறேன்" என்று பொட்டென்று சொல்லிவிட்டேன். கோபிக்கு முகம் வெளுத்தது. இரண்டு வருட உழைப்பு. மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்குக் காப்பு, அதற்குள் முடியுமா என்றார். முடியும் என்றேன்.

வழி தவறி வரும் நாலு பேரில் மாமா டாக்டர் வேடம் எடுத்துக்கொண்டார், அனிதா நிருபர். அத்தை, எனக்கு வேலை கிடக்கு என்று பலாப்பழத்தைவிட்டு நகரவில்லை. கோபி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான். கார் நின்றுவிடுகிறது. ஊருக்குள் போகிறீர்கள். எல்லாரும் உங்களையே பார்க்கிறார்கள், ஒருவரும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று மாமா கேட்டார். மர்மம் மாமா என்றான் கோபி. வந்தவனை எந்த ஊரு என்று கேட்காத ஊர் உலகத்தில் உண்டா என்று அவர் சண்டைக்கு வந்தார். நான் ஆலப்பாக்கத்தை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். பலாப்பழத்தின் பக்கத்திலிருந்து அத்தை, சோறு போட்டாங்களா இல்லையா என்று குரல் கொடுத்தார்.

பிறகு மஞ்சள் கயிறு. ஈப்போ மேசையில் இந்த இடத்தில் ஒருத்தி அலறி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். கோபி குரலைத் தாழ்த்தி, ஊர்ப் பெரியவர் கயிற்றோடு உங்களை நெருங்குகிறார், கட்டிவிட்டால் ஊரைவிட்டுப் போக முடியாது என்றான். மாமா கையை நீட்டிவிட்டார். "எத்தினி நாளைக்கு? கவுச்சி கூடாது, வெளியூர்ல ராத் தங்கக் கூடாது. அவ்ளோதான? கட்டு." பயத்துக்கான பகடையை உருட்டச் சொன்னோம். இரண்டு விழுந்தது. டாக்டர் நடுநடுங்க வேண்டும். நடுங்க மாட்டேன் என்று மாமா ஒரே பிடியாக நின்றார். அனிதா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் திகில் கதை எங்கள் கண்ணெதிரே கல்யாண வீடாகிக்கொண்டிருந்தது.

கடைசிக் காட்சிக்கு வந்தோம். மண் துரியோதனன் எழுகிறான். பீமனின் கதாயுதம் நிருபர் கையில். குழந்தை பகடையைப் பிடுங்கி வாயில் போடப் பார்க்க, அனிதா அதன் கையைத் தட்டிவிட, பத்தொன்பது விழுந்தது. தொடை பிளந்தது. அரக்கன் சாய்ந்தான். கதை முடிந்தது என்றான் கோபி.

"முடிஞ்சிதா?" என்றார் அத்தை. "அப்ப அழுவறது?"

எந்த அழுவறது என்று கோபி திரும்பிக் கேட்டான். அத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். தொட ஒடஞ்சதும் அவன் பொண்டாட்டி பெருந்திருவாள் வந்து புருஷன் மேல விழுந்து அழுவாளே, அது எங்க என்றார். கோபி மாமாவைப் பார்த்தான். மாமா என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது?

விஷயம் இதுதான். பீமன் தொடையை அடித்த கையோடு, கரகத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஆண்கள் எல்லாரும் கெடிலம் ஆற்றுக்கு நீராடப் போய்விடுவார்கள். ஆற்றில் மணல்தான் இருக்கிறது, கரையில் ஒரு பம்பு செட்டு. அங்கே குளித்து, காப்புக் கட்டியவர்கள் திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிடும். துரியோதனன் கிடக்கும் படுகளத்தில் அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான். கோபி இத்தனை வருடம் கூட்டத்தோடு ஆற்றுக்கு ஓடியவன். மாமா அந்தக் கூட்டத்தை முப்பது வருடமாக நடத்திக்கொண்டு போகிறவர். துரியோதனன் செத்ததோடு கதை முடிந்தது என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டார். மூலையில் இருந்த முறத்தையும் துடைப்பத்தையும் எடுத்தார். சாக்கின் மேல் வயிறு பிளந்து கிடந்த பலாப்பழத்துக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தார். நாங்கள் சிரிப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் குரல் எழும்பிவிட்டது.

"நூறு பேரு பொறந்த வூட்டுல தண்ணி ஊத்த நாதி இல்லையே... ஆடி நடந்த தொட ரெண்டும் வெய்யில்ல கெடக்குதே, என் ராசா... கெட்டவன்னு ஊரு சொல்லும், எனக்கு நீ கெட்டவனாடா..."

பலாப்பழம் மறைந்துவிட்டது. அங்கே ஒருவன் கிடந்தான், அவனுடையவள் அழுதாள். அனிதாவின் சிரிப்பு நின்று கண் நிரம்பிவிட்டது. அத்தை திடீரென்று எழுந்து துடைப்பத்தைச் சுழற்ற ஆரம்பித்தார். எம் புருஷன் கெடக்கறான், நீங்க வேடிக்கையா பாக்கறீங்க என்று கோபிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தர்மகர்த்தாவுக்கு நிதானமாக நாலு. அந்த அடி பட்டால் பீடை ஒழியும் என்பது இங்கே நம்பிக்கை. ஆனாலும் மாமாவுக்கு விழுந்த நாலில் திருமண வாழ்க்கையின் பழைய பாக்கியும் கொஞ்சம் கலந்திருந்ததாக எனக்குப் பட்டது.

மாமா முதுகைத் தடவிக்கொண்டே எங்கள் காகிதக் கட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"இத எழுதாம இன்னாத்தடா எழுதுனீங்க?" என்றார். விளையாட்டுக்கு வெளியே கோபியிடம் அன்று அவர் பேசிய முதல் வார்த்தை. கடிகாரத்தைப் பார்த்தார். "குளிச்சிட்டு ஈரத் துணியோட ஆறு மணிக்குக் கோயிலுக்கு வந்துடு."

கோபி அப்படியே அவர் காலில் விழப்போனான். போடா, நேரமாவுது என்று விரட்டினார். நான் சந்தோஷத்தில் பலாச்சுளை எத்தனை தின்றேன் என்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் கோபிக்குக் காப்புக் கட்டி முடித்ததும் மாமா என்னைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை இவன் ஆற்றுக்குப் போய்விடுவான், அழுகையை யார் பார்த்து எழுதுவது, நீதான் இருந்து பார்க்க வேண்டும் என்று என் கையிலும் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். கிளினிக்கில் கிடைத்த விடுமுறை அவ்வளவுதான் என்பதால் புதன்கிழமை இரவு நான் கிளம்புவதாக இருந்தது. ஈப்போவுக்குப் போன் போட்டு, கயிறு கட்டிவிட்டார்கள், வெள்ளிக்கிழமை வரை ஊரைவிட்டு வர முடியாது என்றேன். என் கணவரும் எங்கள் மேசையில் ஆடுபவர்தான். உங்க கதையில இதுக்கடுத்து பலிதானே குடுப்பாங்க என்று கவலையோடு கேட்டார். பலியெல்லாம் இல்லை, தினம் மூன்று வேளை சாப்பாடுதான், ஆனால் மீன் கிடையாது என்றேன். அதற்கு மட்டும் அவர் வருத்தப்பட்டார்.

வெள்ளிக்கிழமை காலை படுகளம். வெட்டவெளியில் வானத்தைப் பார்த்துக் கிடந்தான் மண் துரியோதனன். முறுக்கிய மீசை, பானை பானையாகக் கண். சுற்றிலும் பலூன், வளையல் கடை, ஐஸ் வண்டி. கூத்துக் கலைஞர்கள் பீமனும் துரியோதனனுமாக அந்த மண் உடம்பின் மேலேயே ஏறி இறங்கி ஓட, தொடையில் புதைத்திருந்த குங்குமத் தண்ணீர் பீறிட்டது. ஊர் ஆர்ப்பரித்தது. அவ்வளவுதான். மேளம் திரும்பியது, ஆண்கள் கரகத்தின் பின்னால் ஆற்றுப்பக்கம் நடந்தார்கள். மஞ்சள் வேட்டியில் கோபி போகும்போது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

கூட்டம் வடிந்த இடத்தில் பெண்கள் மெல்ல நெருங்கி உட்கார்ந்தார்கள். புடவை கட்டிய கலைஞர் தலைவிரி கோலமாக வந்து மண் மார்பில் விழுந்தார். அத்தை பாடியது ஒரு துளி. இது மழை. இத்தனை நாள் கெட்டவன் கெட்டவன் என்று வைத அதே பெண்கள் அவனுக்காக மூக்கைச் சிந்தினார்கள். அனிதா அழுதாள், அவளைப் பார்த்துக் குழந்தை அழுதது. நான் எழுத வேண்டியதை மறந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பம் வந்தது. பெண்கள் அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டு முதுகைக் காட்டினார்கள். எனக்கு நல்ல கனமாக இரண்டு விழுந்தது.

துடைப்பம் ஐஸ் வண்டிப் பக்கம் போய் யாரையோ வெளுத்தது. அங்கே ஏன் இவ்வளவு சிரிப்பு என்று எட்டிப் பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் மாமா. நீங்கள் முன்னால் போங்கள், வந்துவிடுகிறேன் என்று கரகத்தை அனுப்பிவிட்டு நின்றுவிட்டார் போலிருக்கிறது. கண் இரண்டும் சிவந்து, மூக்கு நுனியில் சொட்டு. என்னைப் பார்த்ததும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு ஆற்றுப்பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

சாயங்காலம் பூக்குழி. எங்கள் ஊரிலும் தீமிதி பார்த்திருக்கிறேன், தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று. இங்கே அனல் என் புருவத்தில் அடித்தது. கோபியின் முறை வந்தது. கையில் வேப்பிலை, கண் எங்கேயோ. நான் சாமியைக் கூப்பிட்டேனா, பகடையைக் கூப்பிட்டேனா, நினைவில்லை. ஏழெட்டு எட்டில் இந்தக் கரைக்கு வந்து பால்குழியில் இறங்கிவிட்டான். மாமா பாய்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அனிதா குழந்தையை அவன் தோளில் சாய்த்தாள். குழந்தை அவன் கழுத்து மாலையைப் பிய்த்தது. அவன் அதன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். எனக்கு அந்த நிமிடம் உலகத்தில் குறையே இல்லை.

பிறகு நிமிர்ந்து என்னைத் தேடினான். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அக்கா, அழுதாங்களா?"

"எல்லாரும் அழுதாங்கடா. நானுந்தான்."

"ஆம்பளைங்க யாராச்சும் இருந்தாங்களா?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் குழியில் நீறு பூத்த கங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா" என்றார். "புஸ்தகத்துல போடத்தான போற."